துணைக்கு ஒரு விரல்

என் வீட்டுக்காரரிடம் கண்ணைக் கொடுப்பேன், ஓட்டைக் கொடுக்க மாட்டேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து வேளாவேளைக்குக் கட்டைப் பிரித்துச் சொட்டு மருந்து விடுவது அவர்தான். மல்லாந்து படுத்து, அவர் கையை நம்பிக் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். ஓட்டு விஷயம் வேறு.

நான் தையல்காரி. மார்க்கெட் சந்தில் கடை. அவர் பஸ் டிரைவர். அந்தச் சந்தில்தான் அவருடைய பஸ் தினமும் மாட்டிக்கொண்டு முழிக்கும். வாளிச் சின்னக்காரர் ஜெயித்தால் கடைகளை இடித்து ரோட்டை அகலமாக்குவாராம். கத்திரிக்கோல் சின்னக்காரர் ஒரு கடையையும் தொட விடமாட்டாராம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் வாளி, நான் கத்திரிக்கோல். சோறு போடும்போதுகூட இதே சண்டைதான்.

இப்போது பார்த்து எனக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் மூட்டம். சின்னம் தெரியாது. துணைக்கு ஒருவர் கூட வந்து அழுத்தலாம் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? கடையில் எனக்குப் பித்தான் தைத்துத் தரும் அக்காவை வரச் சொல்லி, அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிட்டேன். அவர் என்னை ஓட்டுச்சாவடி வாசல்வரை கைபிடித்துக் கொண்டுவந்து விட்டால் போதும்.

அவர் டியூட்டி முடிந்து வரவே சாயங்காலம் ஆகிவிட்டது. வரிசையில் அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் பின்னால் நின்றார். மேசை அருகே போனதும் அதிகாரி பித்தான் அக்காவை நிறுத்தினார்.

"நீங்க காலையிலயே ஒரு வயசானவங்களுக்குத் துணையா வந்தீங்கள்ல?"

"எங்க மாமியாருக்கு வந்தேன் சார்."

"ஒருத்தர் ஒருத்தருக்குத்தாம்மா துணையா வர முடியும்."

"ஐயோ, எனக்கு அது தெரியாதே" என்று அக்கா என் தோளைப் பிடித்தாள்.

"வேற யாராவது இருக்காங்களா? சீக்கிரம் சொல்லுங்க. கதவைச் சாத்தப் போறோம்."

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. "நான் இருக்கேன் சார். வீட்டுக்காரர்."

ஊரார் முன்னால், கட்டின புருஷனை நம்பமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் என் கடையை இடிக்க என் ஓட்டே போய்விடும். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவங்க யாருக்குப் போட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார் அதிகாரி.

"சரிங்க சார்."

மறைப்புக்குப் பின்னால் போனதும் அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கத்திரிக்கோல்" என்றேன் காதோடு.

"தெரியும்" என்றார். பிறகு மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

என் உயிரே போய்விட்டது. சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றும்போதெல்லாம் வருகிற பாட்டு அது. பிடித்திருந்த கை நகர்ந்தது. பீப் என்றது மெஷின். வாளிக்கும் அதே பீப்தான், கத்திரிக்கோலுக்கும் அதே பீப்தான்.

அடுத்து அவர் தன் ஓட்டையும் போட்டுவிட்டு வந்தார். தெருவில் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"எதை அழுத்தினீங்க?"

"என்னுது வாளிக்கு. அதுல என்ன ஒளிவு மறைவு?"

"நான் கேட்டது என்னுதை."

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"என்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்னுதானே சொன்னாரு."

அப்படியே தெருவில் உட்கார்ந்து கத்தலாம் போலிருந்தது. நான் மனசுக்குள் கடையைக் காலி செய்துகொண்டே நடந்தேன். மெஷினை எங்கே போடுவது, வெட்டுகிற மேசை நம் வீட்டு வாசலில் நுழையுமா, பித்தான் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது.

வீட்டுக்கு வந்து படுத்தேன். சமையலறையில் பாத்திரங்கள் படாதபாடு பட்டன. வாளி ஜெயித்துவிடும் என்று குஷியாக இருக்கிற ஆள் மூடியை இப்படிப் போட்டு உடைப்பாரா? காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்குக் கேட்காது என்று நினைத்து, அடுப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை வருஷம் அந்தச் சந்துல ரிவர்ஸ் எடுக்கணுமோ. இருக்கிறதே ஒரு ஓட்டு. அதையும் கத்திரிக்கோலை அழுத்திச் செல்லாம பண்ணிட்டு வந்து நிக்கிறேன், அவளுக்காக என் விரலாலயே. இதுல அவளுக்கு என் மேல நம்பிக்கை இல்லையாம். அக்காவைக் கூப்பிடுறா, அக்காவை."

அசையாமல் கிடந்தேன். ஏமாறும்போதும் அவருக்கு அதே பாட்டுத்தான் வரும் போலிருக்கிறது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மருந்து பாட்டிலோடு வந்தார். முகத்தை உர்ரென்று வைத்திருப்பார் என்று மூச்சிலேயே தெரிந்தது. ஆனால் கட்டைப் பிரித்த கை எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு விட்டார்.

"அசையாம இரு. மருந்தெல்லாம் வெளிய வழியுது பாரு" என்று அதட்டினார்.

அது மருந்தில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ரகசியம் காக்கத் தெரியும்.