தடுப்பைத் தூக்கச் சொன்னது பெர்னாத்

பெர்னாத் பனி தள்ளுற வண்டி ஓட்டுறவன். பிரான்ஸ் எல்லையில இருக்கிற பாஸ் தெ லா காசா ஊர்ல இருந்து கணவாய் ஏறி சொல்தேவுக்கு இறங்குற ரோடு அவன் பொறுப்பு. வயசு நாப்பத்தொண்ணு. அந்தோரா நாட்டு ரக்பி அணியில பதினெட்டு வருஷமா ஆடுறான். அதுக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. அணியில ஒருத்தன் பல் டாக்டர், ரெண்டு பேர் ஸ்கீ சொல்லித் தர்றவங்க, ஒருத்தன் போலீஸ். ஆட்டம் முடிஞ்சா அவனவன் சட்டையை அவனவனே வீட்டுக்குக் கொண்டுபோய் துவைச்சு எடுத்துட்டு வரணும். அந்தச் சனிக்கிழமை காலையில பெர்னாத்தோட மூணாம் நம்பர் சட்டை வண்டிக்குள்ள ஹீட்டர் மேல காய்ஞ்சுட்டு இருந்துச்சு.

அன்னிக்கு மூணு மணிக்கு பின்லாந்தோட ஆட்டம். பெர்னாத்துக்கு அதுதான் கடைசி. செவ்வாக்கிழமை முட்டியில ஆபரேஷன், அதுக்கப்புறம் ஆடவே கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. இதுக்கு முந்தி ஆடுனது வெளிநாட்டுல. அம்பத்திமூணு பாயிண்ட் வித்தியாசத்துல தோத்தாங்க. அதுல பத்து நிமிஷம் மஞ்சள் அட்டை வாங்கிட்டு இவன் வெளியில உக்காந்திருந்தான். அது தன்னோட கடைசி ஆட்டமா ஆயிடக்கூடாதுங்கிறதுதான் மூணு வாரமா அவன் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

பின்லாந்துக்காரங்க விடியறதுக்கு முன்னாடி பிரான்ஸ்ல இருக்கிற துலூஸ்ல பஸ் ஏறி எட்டு மணிக்கே பாஸுக்கு வந்துட்டாங்க. அங்க ரோட்டுல தடுப்பு போட்டிருந்துச்சு. பின்னாடி ரொட்டி லாரி, கார்னு பத்து வண்டி. காத்து பனியை வாரி வாரி ரோட்டுலயே கொட்டிட்டு இருந்துச்சு. மதியம் ரெண்டரைக்கு மேலதான் காத்து அடங்கும்னு சொல்லியிருந்தாங்க.

பதினோரு மணிக்கு ஒலெகர் போன் பண்ணான். அவன்தான் அணிக்குப் பயிற்சியாளர். மத்த நாள்ல டயர் கடை வச்சிருக்கான்.

"எங்கடா இருக்க?"

"மேல. வேற எங்க இருப்பேன்?"

"பஸ் பாஸ்லயே நிக்குதாமே?"

"நிக்குது."

"சங்கிலி போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான். உன் கடையில வாங்குனதில்ல, அதனால நல்லாத்தான் இருக்கும்."

ஒலெகர் சிரிக்கல. "பெர்னாத், கேளு. நாலு மணிக்குள்ள அவங்க மைதானத்துக்கு வரலன்னா நமக்கு வாக்கோவர், ஆடாமலே ஜெயிச்ச கணக்கு. அஞ்சு பாயிண்ட் அப்படியே வந்துடும். கீழ் பிரிவுக்குப் போகாம தப்பிச்சுடுவோம்."

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே இவ்ளோ நேரம் பேசுறியே."

"டேய், பெய்யுறது பனி. பனி மேல எவன் கேஸ் போடப் போறான்? நீ உன் வேலையை ஒழுங்கா பாரு, அவ்ளோதான். அவசரப்படாத."

பெர்னாத் போனை வச்சான். ஒழுங்கா வேலை பாக்கிறதுன்னா என்னன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். ரோட்டோரத்துல முப்பது அடிக்கு ஒண்ணா சிவப்புக் கம்பம் நட்டிருக்கும். வண்டியை நிறுத்திட்டுப் பாக்கணும். மூணாவது கம்பம் தொடர்ந்து அஞ்சு நிமிஷம் கண்ணுக்குத் தெரிஞ்சா ரோட்டைத் திறக்கலாம். நடுவுல மறைஞ்சா மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். கேமரா எல்லாம் வந்துடுச்சு, ஆனா பனி ஒட்டிக்கிட்டா கேமரா குருடு. அதனால ஓட்டுறவன் சொல்றதுதான் பேச்சு.

அவன் பாத்தான். மூணாவது கம்பம் தெரிஞ்சுது. ரெண்டு நிமிஷம் ஆச்சு, மறைஞ்சுது. திரும்பத் தெரிஞ்சுது. ரேடியோவுல கொன்சோல் கூப்பிட்டாங்க. கட்டுப்பாட்டு அறையில இருபத்தஞ்சு வருஷமா உக்காந்திருக்கிற அம்மா.

"பெர்னாத், எப்படி இருக்கு? இங்க எனக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியல."

"தெரியுதுக்கா."

"மூணாவதா?"

"மூணாவது."

"அஞ்சு நிமிஷம்?"

அவன் ஹீட்டர் மேல இருந்த சட்டையைத் திருப்பிப் போட்டான். ஒரு பக்கம் காய்ஞ்சிருந்துச்சு.

"ஆமாக்கா. தடுப்பைத் தூக்கச் சொல்லுங்க. நான் முன்னாடி போறேன், எல்லாரும் வரிசையா என் பின்னாடி வரட்டும்."

பொய்னும் சொல்ல முடியாது, நெசம்னும் சொல்ல முடியாது. மூணு நிமிஷம் இருக்கும்.

பதினோரு வண்டி அவன் பின்னாடி நடக்கிற வேகத்துல வந்துச்சு. உச்சியில ஒரு கார் சறுக்கி ஓரத்துப் பனியில மூக்கைக் குத்திக்கிச்சு. இவன் இறங்கி கயிறு கட்டி இழுத்து விட்டான். வேற ஒண்ணும் ஆகல. சொல்தேவுல அடுத்த ஓட்டுநர் வந்து சாவியை வாங்கிக்கிட்டான். பின்லாந்து பஸ் ஒண்ணரைக்கு மைதானத்துல நின்னுச்சு. பெர்னாத் அதுக்கப்புறம் இருபது நிமிஷம் கழிச்சு தன் காருல வந்தான்.

உடை மாத்துற அறையில யாரும் அவன்கிட்ட பேசல. பல் டாக்டர் மட்டும் கேட்டான். "என்னப்பா, சிவப்புக் கம்பளம் கையிருப்பு இல்லையா? விரிச்சிருக்கலாமே."

"ரோடு திறந்துச்சு, வந்தாங்க" அப்படின்னான் பெர்னாத்.

"திறந்துச்சா, திறந்தியா?"

ஒலெகர் அந்தப் பக்கமே திரும்பல. சுவரைப் பாத்துட்டு விசிலைத் துடைச்சுட்டு இருந்தான்.

ஆறாவது நிமிஷம் முதல் ஸ்க்ரம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளைக் கோத்துக் குனிஞ்சு, தலையை எதிராளி தலைக்கு நடுவுல விட்டு முட்டித் தள்ளுறது. அந்தோராவுக்கு வேற எதுலயும் பெரிய பலம் கிடையாது. ஓடத் தெரியாது, உதைக்கிறதும் சுமார். ஸ்க்ரம் மட்டும் நல்லா தள்ளுவாங்க. அதுக்கு அச்சாணி பெர்னாத். அவனுக்கு நேர் எதிர்ல தாடி வச்ச ஓஸ்மோன்னு ஒருத்தன்.

நடுவர் சொல் குடுத்ததும் மோதுனாங்க. பெர்னாத் காலை ஊன்றித் தள்ளுனான். முட்டி வலிக்கல. எதிர் அணி ஒரு அடி பின்னாடி போச்சு, ரெண்டு அடி போச்சு. பின்னாடி இருந்து ஏழு பேர் பாரமும் அவன் முதுகு வழியா முன்னாடி போறது அவனுக்குத் தெரிஞ்சுது. மூணாவது அடியில ஓஸ்மோ கத்துனான்.

கெண்டைக்கால் சதை கிழிஞ்சிருந்துச்சு. காலையில இருந்து பஸ்ஸுல மடக்கி வச்ச காலு. அவனுக்கு மாத்து ஆள் துலூஸ்லயே காய்ச்சல்ல படுத்துட்டான். முன்வரிசைக்குப் பழகின ஆள் இல்லன்னா கழுத்து ஒடிஞ்சிரும், அதனால அதுக்கப்புறம் ஸ்க்ரம்ல யாரும் தள்ளக்கூடாது, சும்மா சாய்ஞ்சு நிக்கணும். அதுதான் சட்டம். நடுவர் ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டுச் சொன்னாரு.

மீதி எழுபத்திச் சொச்சம் நிமிஷமும் பெர்னாத் அந்த மாதிரி பதினாலு ஸ்க்ரம்ல சாய்ஞ்சு நின்னான். எதிர்ல ஓட்டக்காரப் பையன் ஒருத்தன் பயந்துக்கிட்டே தோளை ஒட்டிக்கிட்டு நின்னான். மத்த நேரமெல்லாம் ஓட்டம்தான், அதுல பின்லாந்துக்காரங்க கெட்டி. பதினாறுக்கு பத்தொன்பதுன்னு அந்தோரா தோத்துச்சு. கீழ் பிரிவுக்குப் போயாச்சு.

விசில் ஊதுனதும் ஒலெகர் வந்து பக்கத்துல நின்னான். "ஒரு ஸ்க்ரம்" அப்படின்னான். "ஒரே ஒரு ஸ்க்ரத்துக்காக."

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

பெர்னாத் யோசிச்சான். "நல்லா இருந்துச்சு."

"நாசமாப் போ" அப்படின்னுட்டு ஒலெகர் போய்ட்டான்.

எந்த ஆட்டம் எப்படி முடிஞ்சாலும் வந்தவங்களுக்குச் சாப்பாடு போடணும். அதுக்குப் பேரே மூணாவது பாதி. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மசிச்சு பன்றிக்கொழுப்புல முறுக விட்டதை பெர்னாத்தான் தட்டு தட்டா பரிமாறுனான். ஒலெகர் இருந்த மேஜைக்கு மட்டும் பல் டாக்டர் கொண்டுபோனான்.

ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி அவனுக்கு ஷிஃப்ட். பின்லாந்து பஸ் மேல ஏறி, கணவாய்க்கு முன்னாடி இருக்கிற தடுப்புல நின்னுச்சு. காத்து நேத்து மாதிரியே. பெர்னாத் பஸ்ஸுக்கு முன்னாடி வண்டியை நிறுத்திட்டு கம்பத்தைப் பாத்துட்டு இருந்தான். யாரோ கதவைத் தட்டுனாங்க. ஊன்றுகோலோட ஓஸ்மோ. இவன் கை குடுத்து மேல ஏத்தி உக்கார வச்சான். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல பேசுனாங்க.

"ரெண்டு மணிக்கு எங்களுக்கு விமானம்" அப்படின்னான் ஓஸ்மோ. "எப்போ போலாம்?"

"மூணாவது கம்பம் அஞ்சு நிமிஷம் தெரியணும்."

ஓஸ்மோவும் பாத்தான். "ஒண்ணாவதே தெரியலையே."

"அதான் நிக்கிறேன்."

ஹீட்டர் மேல மூணாம் நம்பர் சட்டை காய்ஞ்சுட்டு இருந்துச்சு. திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கணும். ஓஸ்மோ அதைப் பாத்தான், அப்புறம் கண்ணாடிக்கு வெளியில பாத்தான்.

"நேத்தும் இதே காத்துதானே. நேத்து தெரிஞ்சுதா?"

பெர்னாத் கண்ணாடியில படிஞ்ச ஆவியைக் கையால துடைச்சான்.

"நேத்து எனக்கு ஆட்டம் இருந்துச்சு."

ஓஸ்மோ கட்டுப் போட்ட காலை மெதுவா ஹீட்டர் பக்கமா நீட்டுனான். ரேடியோவுல கொன்சோல் கூப்பிட்டாங்க.

"பெர்னாத், தெரியுதா?"

"இல்லக்கா. இன்னும் தெரியல."