ஒரே டிரம்மில் கலந்த மருந்து

இடது தோள் இற்று விழுகிற மாதிரி வலித்தது. ஒரு வாரமாக மருந்தடிக்கிற ஓஸ் குழாயைத் தோளில் போட்டு ஏலக்காய்த் தோட்டச் சரிவில் இழுத்த வலி. போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கிய பாண்டியராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தான்.

முதலாளி மகள் பவதாரணி காத்திருந்தாள். விவசாயம் படிக்கிறவள். செடியடியில் சரம் சரமாய்ப் பூத்ததெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்து கிடந்தது.

"கால்சியம் அடிச்சும் பூ நிக்கலண்ணே. உரக்கடைச் சின்னச்சாமி போலி மூட்டையக் குடுத்துட்டாருன்னு அப்பா போடி கடைவீதியில நாலு பேரு முன்னால ஏசிட்டு வந்துட்டாரு. மூட்டை எப்படின்னு இன்னிக்குப் பாத்துருவோம்."

பாண்டியராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

சர்க்கரையும் போரான் சத்தும் கரைத்த தண்ணீரை இரண்டு கண்ணாடித் துண்டுகளில் சொட்டுவிட்டாள். ஒன்றில் மட்டும் அந்த மூட்டை உரம் துளி சேர்த்தாள். காலையில் விரிந்த பூவின் மகரந்தத்தை இரண்டிலும் தட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து, "பாருங்கண்ணே" என்று மைக்ராஸ்கோப்பைத் தள்ளினாள்.

"இதுல பூராம் வெடிச்சு, சோறு சிதறுன மாதிரி கிடக்கு ஆத்தா."

"அது கால்சியம் இல்லாதது. இன்னொண்ணு?"

"ஒவ்வொண்ணும் வாலு விட்டிருக்கு."

"அந்த வாலுதான் பூவுக்குள்ள இறங்கிக் காயாக்குது. அதோட சுவரு வெடிக்காமக் காக்குறது கால்சியம். அப்ப மூட்டை நல்ல மூட்டைதான். தப்பு எங்க?"

சொன்னால் பதினோரு வருச வேலை போகும். சொல்லாவிட்டால் சின்னச்சாமி கடை பேர் போகும். பாண்டியராஜ் தலையைச் சொறிந்தான்.

"மூணு மணி ஜீப்பப் பிடிக்கணும்னு, கால்சியத்தையும் மணிச்சத்து உரத்தையும் ஒரே டிரம்முல கலந்துட்டேன் ஆத்தா. தயிராத் திரிஞ்சு போச்சு. ஓஸு அடைக்குமேன்னு துண்டுல வடிகட்டி அடிச்சேன்."

"வடிகட்டுனது?"

"துண்டத் தொவச்சுட்டேன்."

பவதாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கால்சியம் பூராம் அதுலதாண்ணே இருந்துச்சு. இந்த வருசம் உங்க துண்டுதான் காய்க்கணும்."

அவள் போனில் சொன்னதும் முதலாளி போட்ட சத்தம் பாண்டியராஜ் காதுவரை கேட்டது. கடைசியில், "அவனையே திரும்ப அடிக்கச் சொல்லு. ரெண்டையும் தனித்தனியா, ரெண்டு டிரம்மு, ரெண்டு நாளு" என்றார்.

அன்று சாயங்காலம் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, கால்சியத்தைத் தனியாகக் கரைத்து, விசிலடித்துக்கொண்டே அடித்து முடித்தான். அடுத்த சரம் பூக்க இன்னும் நாளிருக்கிறது.

சின்னச்சாமியிடம், அதே கடைவீதியில், நாலு பேர் முன்னால் கேட்கவேண்டிய மன்னிப்புதான் பாக்கி. முதலாளிக்கும் பாக்கி, இவனுக்கும் பாக்கி.