மஞ்சள் போட்ட திங்கட்கிழமை

என் பால்வாடியில் ஓர் எறும்பைக் காட்டினால் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சகாயசெல்வி டீச்சர் என்றால் சுத்தம். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சத்துமாவில் வெல்லம் இருக்கிறது, எறும்பு வராமல் என்ன செய்யும்? மற்ற சென்டர்களில் கொழுக்கட்டையைத் தட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். என்னிடம் அந்தப் பேச்சே கிடையாது.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போனதும், உரக்கடையில் பேர் ஊர் இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளைப் பூச்சி மருந்துப் பொடியைச் சுவரோரமாகக் கோடு போல் தூவுவேன். ஜன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனால் ஞாயிறு முழுக்க அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் செத்துக் கிடக்கும் எறும்புகளை மட்டும் சமையல் வேலை பார்க்கும் சின்னப்பாப்பா பெருக்கி அள்ளுவாள். பொடி ஓரத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். டைல்ஸும் வெள்ளை, பொடியும் வெள்ளை, பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் நடுவில் பாயில்தானே உட்காருகிறார்கள், ஓரத்துக்கு யார் போகப் போகிறார்கள்? யாராவது கேட்டிருந்தால் சத்தியமே செய்திருப்பேன்.

ஒரு புதன்கிழமை அமராவதி வந்து வாசலில் நின்றாள். அளத்தில் உப்பு வாருகிறவள். மூன்றரை வயது மகன் தமிழ்வேந்தனை என்னிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவளைப் போன்றவர்களுக்காகவே நான் ஏழு மணிக்குக் கதவைத் திறப்பேன். அதிர்ந்து பேசாத பொம்பளை. அன்றைக்கும் அதிராமல்தான் ஆரம்பித்தாள்.

"திங்கக்கெழம மட்டும் இவனுக்கு மூச்சு இழுக்குது டீச்சர். ஒரு மாசமா பாக்குறேன். வூட்ல என்னா பூச்சி மருந்து அடிக்கிறீங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. எங்க வூட்ல கொசுவத்தி கூட கெடையாது."

பனி, தூசி, ஐஸ் வாங்கிக் கொடுத்திருப்பாய் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் கடைசியில் சொன்னாள்.

"அன்னிக்கு இவன் நகத்துல வெள்ளையா இருந்துச்சு. உப்புதான்னு நெனச்சேன். நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்கல."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. உன் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள் யார், சோறு ஊட்டியவள் யார், என் சென்டரில் என்ன குறை கண்டாய் என்று தெரு கேட்கக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளையைத் தன்னோடு அளத்துக்கே தூக்கிப் போய்விடுவதாக மட்டும் சொன்னாள். கண்ணைத் திறக்க முடியாத வெயில், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது, பாத்திக்குப் பாத்தி உப்புத் தண்ணீர். அங்கே மூன்றரை வயதுப் பிள்ளையை எந்த வரப்பில் உட்கார வைப்பாள்?

ஆனாலும் என் வாய் இறங்கி வரவில்லை. ஓரத்தில் போடுகிற எறும்பு மருந்தை இந்த வாரம் போடமாட்டேன், இந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் அனுப்பு, அப்போதும் மூச்சு இழுத்தால் எல்லா அம்மாக்கள் முன்னாலும் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். இழுக்காவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. சரிங்க என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை பழைய பொடியை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொன்னேன். அதற்காக எறும்பை வா வா என்று கூப்பிட முடியுமா? மஞ்சள் தூள் போட்டால் எறும்பு அண்டாது என்று வீடுகளில் செய்வதுதான். அதே ஓரம், அதே கோடு, ஒரு கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, மருந்து போடுகிற அளவுக்கே மஞ்சளைத் தூவினேன். நான் ஜெயிக்கப் போகிறேன் என்ற நினைப்பில் பாட்டுப் பாடிக்கொண்டே பூட்டினேன்.

திங்கட்கிழமை பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து தமிழ்வேந்தன் குரல் கேட்டது.

"டீச்சர், இன்னிக்கு உப்பு ஏன் மஞ்சளா இருக்குது?"

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் குந்தியிருந்தான். ஆள்காட்டி விரலை வாயில் நனைத்து, தரையில் ஒற்றி, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தான். அளத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அம்மா காலிலும் புடவைக் கரையிலும் ஒட்டி வந்து வீடெல்லாம் உதிர்வது உப்புத்தான். தவழும் வயதிலேயே வெள்ளையாக எது கிடந்தாலும் விரலை ஒற்றி ருசி பார்ப்பார்கள். எத்தனை தடவை அதைப் பார்த்து நானே சிரித்திருப்பேன். என் கையால் தூவியதும் வெள்ளைதான் என்று எனக்கு ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனைத் தடுக்கத் தோன்றவில்லை. மஞ்சள்தானே, ஒன்றும் செய்யாது. உட்கார்ந்த பிறகுதான், பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே பார்த்த அந்த அறையைப் பிள்ளைகளின் உயரத்திலிருந்து முதல்முதலாகப் பார்த்தேன்.

மாதாவே, அது வேறு ஓர் ஊர். பந்து ஓரத்துக்கு உருண்டு போய் மஞ்சளோடு திரும்பி வந்தது. பந்திலிருந்து வினோதினியின் உள்ளங்கைக்கு, அங்கிருந்து கன்னத்துக்கு, கண்ணுக்கு. ஒன்றரை வயது கிருபா சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற குழந்தை. அவள் போன வழி முழுக்க ஐந்து ஐந்து விரலாக மஞ்சள் பதிந்திருந்தது. அவள் பொம்மையின் காதைக் கடித்தாள், அதே காதை இன்னொருத்தி வாங்கிக் கடித்தாள். சின்னப்பாப்பா ஃபேனைப் போட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சள் புகையாக எழும்பி, என் இடுப்பு உயரத்துக்கு மேலே ஏறாமல், பிள்ளைகளின் மூக்குக்கு நேராக அறையைச் சுற்றி வந்தது. ஒரு பிடித் தூளும் பதினாறு ஜோடிக் கையும் இவ்வளவு தூரம் நடக்குமா? மூக்கில் விரல் வைத்தேன் என்று சொல்வார்களே, அன்றைக்கு நிஜமாகவே வைத்தேன்.

சாப்பாட்டு வேளைக்குக் கை கழுவத்தான் செய்தார்கள். ஒரு மக் தண்ணீரில் நான்கு பேர். அன்றைக்கு முட்டை. உரித்த முட்டையின் வெள்ளையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் விரலை மஞ்சளாகப் பதித்துவிட்டுத்தான் தின்றது. தூங்கப் பாய் விரித்தால் சுவரில் சாய்த்து வைத்த பாய்களின் விளிம்பெல்லாம் மஞ்சள். கட்டை விரல் சூப்பித் தூங்கிய நான்கு பேருக்கு வாயோரத்தில் மஞ்சள் கோடு. ஒரு பிள்ளை பாக்கியில்லை. போன வாரம் இந்த இடத்திலெல்லாம் என்ன இருந்தது என்று யோசித்தேன்.

சின்னப்பாப்பா பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மாக்கள் வருவதற்குள் எல்லாரையும் கழுவித் துடைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் புடவையைத் தூக்கிச் செருகினேன். முதலில் தமிழ்வேந்தனை எழுப்பலாம் என்று குனிந்தேன். அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை, இழுப்பு இல்லை. திங்கட்கிழமை மத்தியானம், அந்தப் பிள்ளை சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேனோ தெரியாது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மூன்று மணிக்கு அமராவதிதான் முதலில் வந்தாள். நேராக மகனைத் தூக்கி அவன் முதுகில் காதை வைத்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இந்த மஞ்ச இருக்குற எடமெல்லாம் போன வாரம் அந்த மருந்து இருந்துச்சு அமராவதி. நான்தான் போட்டேன். நீ சொன்னதுதான் சரி. எல்லா அம்மாங்க முன்னாடியும் சொல்றேன்."

அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அறையைச் சுற்றி நடந்தாள். ஜன்னலுக்குக் கீழே போய்க் குனிந்தாள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மஞ்சளைத் தாண்டி அதன் வழியாக எறும்பு ஒரு வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மஞ்சளாவது கிஞ்சளாவது.

"வரப்புல தண்ணி கசிஞ்சா எந்த எடம்னு தேடி மண்ண வச்சு அடைப்போம் டீச்சர். தண்ணிக்கு யாரு மருந்து போடுவா?"

களிமண் தானே கொண்டுவருவதாகவும், சத்துமாவு டின்னைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைக்கும்படியும் சொன்னாள். என்னமோ அளத்தில் பக்கத்துப் பாத்திக்காரியிடம் பேசுகிற மாதிரி, ஒரு குத்தல் இல்லை, ஒரு ஏளனம் இல்லை. மூச்சு முட்டிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இவள்தானா என்று அவளையே பார்த்தேன்.

பிறகு என் பக்கத்தில் வந்தாள். முந்தானையை விரலில் சுற்றி என் உதட்டோரத்தை அழுத்தித் துடைத்தாள். துணியைத் திருப்பிக் காட்டினாள், மஞ்சள்.

"நீங்களும் இங்கதான டீச்சர் சாப்புடுறீங்க," என்றாள். "பத்தொம்பது வருசமா."

அது வரைக்கும் எனக்கு என் நினைப்பே வரவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் விழுந்து அழுதுவிடுவேன் போலிருந்தது. அமராவதி மகனை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தாள். மண் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், அதுவரைக்கும் இவன் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.