ஊசியக்காவும் திறந்துகொள்ளும் கதவுகளும்

ஊசியக்காவுக்குப் படபடப்பு வந்தால் சுற்றிலும் இருநூறு அடிக்குள் இருக்கிற கதவெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கால்நடை மருத்துவமனையில் ஊசி போடுகிற வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முதன்முதலில் அது வந்தது அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு. பூனை ஒன்றுக்குக் காது துடைத்துக்கொண்டிருந்தாள். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, தொண்டை அடைத்தது, இதோ சாகப்போகிறோம் என்று சந்தேகமறத் தெரிந்தது. அதே நொடியில் முப்பத்திரண்டு கூண்டுகள் திறந்து, கட்டுப்போட்ட நாய்களும் போடாத நாய்களும் எட்டு முயல்களும் ஒரு கிளியும் தெருவுக்குப் போயின. கிளியைத் தவிர மற்றவை மாலைக்குள் திரும்பிவிட்டன.

இருதயத்தை இரண்டு முறை பரிசோதித்தார்கள். இரண்டு முறையும் குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். மனதைத் தளரவிடாதே என்று நாத்தனார் சொன்னாள். எதையும் யோசிக்காதே என்று மாமனார் சொன்னார். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று யோசித்து யோசித்தே அவளுக்கு மறுபடி வந்தது. சில சமயம் ஒன்றரை வருடம் வராது. ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக இருக்கும்போது, வாரத்துக்கு மூன்று முறை என்று வந்து நிற்கும். அவள் லிஃப்டில் ஏறுவதை விட்டாள், பிறகு பேருந்தை, பிறகு கூட்டமுள்ள கடைகளை. தெருவாசிகள் குறை சொல்லவில்லை. குளிக்கப் போகிறவர்கள் ஒரு காலால் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடியே குளிக்கப் பழகினார்கள். பெயின்டரான அவள் கணவர் வீட்டிலிருந்த பீரோவைக் கயிற்றால் சுற்றிக் கட்டிவைத்தார். கயிறு அப்படியே இருக்கும், கதவு மட்டும் எப்படியோ திறந்து கிடக்கும். இப்படி இருபத்திரண்டு வருடம் போயிற்று.

அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருந்தாள். ஓடுகிற ரயிலில் எல்லாக் கதவும் ஒரேயடியாகத் திறந்தால் என்ன ஆகும் என்று ஊசியக்காவுக்குத் தெரியும். அதனால் மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது தொலைபேசியில் பேச்சு வந்தது.

"நீ வர முடியலைன்னாலும் பரவாயில்லைம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

வா என்று அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பரவாயில்லை என்றதுதான் அவளைப் போட்டு அறுத்தது. மறுநாள் மருத்துவமனையில், நாய் ஒன்றின் வாயைப் பிளந்து மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளும்போது கண்ணீர் நிற்காமல் வந்தது. அவளைவிடப் பத்து வயது இளையவரான மருத்துவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, இடி இடிச்சா நடுங்குற நாய்க்குத்தானே இப்ப மாத்திரை போட்டீங்க. நாயைப் பாத்து மனசைத் தளரவிடாதேன்னா சொன்னீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் போகச் சொன்ன மனநல மருத்துவரம்மாவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறிப் போய் உட்கார்ந்த நான்காவது நிமிடத்தில் அந்த மாடியின் கதவெல்லாம் திறந்தன. அலமாரியிலிருந்து கோப்புகள் சரிந்தன. கழிப்பறையிலிருந்து ஒருவர் மன்னிப்புக் கேட்டார். மருத்துவரம்மா எழுந்திருக்கவில்லை. எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"இதுக்குப் பேர் இருக்கு, மருந்தும் இருக்கு. உங்களுக்கு எது ஒத்துக்கும்னு தேடணும். அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்."

முதல் மருந்தில் கதவுகள் திறக்கவில்லை, திறக்கவேண்டியவையும் திறக்கவில்லை. பற்பசை மூடியைக் குறடால் திருக வேண்டியிருந்தது. ஊசியக்கா மடியில் பூனையோடு உட்கார்ந்தபடியே தூங்கினாள், பூனையும் தூங்கியது. இரண்டாவது மருந்து வயிற்றைப் புரட்டியது. கதவுகள் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஒரு வாரம் தெருவே படார் படார் என்று கிடந்தது. மருத்துவர் அதை நிறுத்திவிட்டு மூன்றாவதை எழுதினார். துளியளவில் ஆரம்பிக்கலாம், இரண்டு வாரத்துக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். பெயின்டர் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். மூன்றாவது வாரம் எதிர்வரிசை வீடுகள் திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் பக்கத்து வீடு திறக்கவில்லை. ஏழாவது வாரம் ஒரு முரட்டு நாய் குரைத்த குரைப்பில் அவள் நெஞ்சு பழையபடி ஒரு எம்பு எம்பியது. முப்பத்திரண்டு கூண்டுக் கதவுகளும் லேசாக நடுங்கின. அவள் காத்திருந்தாள். நெஞ்சு ஒரு படி ஏறியது, இரண்டாவது படியில் நின்றது, யோசித்தது, இறங்கிவிட்டது. ஒரு கூண்டும் திறக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப்பார்த்துவிட்டு, அந்த முரட்டு நாயைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அது வெலவெலத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியதும் அவர்கள் ரயிலேறினார்கள். பெயின்டர் கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தார். ஆறு மணி நேரம் ஒன்றுமில்லை. நீளமான ஒரு பாலத்தின் நடுவில் ஊசியக்காவுக்குத் தொண்டை லேசாக இறுகியது. எதிரில் இருந்த தடித்த அம்மாளிடம், உங்கள் சாமான் ஏதாவது திறந்துகொள்ளலாம், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ரயில் கதவுகள் அசையவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்த அந்த அம்மாளின் பெட்டி மட்டும் க்ளிக் என்று திறந்தது. அந்த அம்மாள் பெட்டியையும் ஊசியக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு நாளா இதோட சாவியைத் தேடுறேன். ஒரே புடவையில இருக்கேன்மா" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை விடவில்லை.

நடைமேடையில் மகள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அழவேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள், ஆனால் சிரிப்புதான் வந்தது. ஊசியக்கா மகளின் சமையலறையைப் பார்த்தாள். அடுப்பு ஜன்னலுக்கு எதிரில் இருப்பது சரியில்லை என்று சண்டை போட்டாள். மூன்று மாதம் தங்கினாள். பேத்தி பிறந்தாள், பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனாள். மாத்திரை தினமும் காலையில் பல் துலக்கியதும் ஒன்று. இப்போதும் வருடத்துக்கு ஓரிரு முறை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மேசையின் இழுப்பறை ஒன்று தானாகத் திறந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் அதை மூடிவிட்டு, குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வார்.