உள்ளங்கைப் புல்வெளி

கூரை வேய்பவனின் வலது உள்ளங்கையில் புல் முளைத்தது, அறுவடை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தான். மதியத்துக்குள் அது அரை விரல் உயரம் வளர்ந்து, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தது. வலியில்லை. அவன் மனைவி நாவிதரிடம் சவரக்கத்தியை இரவல் வாங்கி மழித்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் பழையபடி நின்றது. மருத்துவர் உப்பு வைத்துக் கட்டச் சொன்னார். உப்புதான் வீணாயிற்று.

அந்தக் காலத்தில் புல் இல்லாமல் ஊரில் ஒரு காரியமும் நகராது. கூரையும் அதுதான், மெத்தைக்குள் அடைப்பதும் அதுதான், கிணற்றுக் கயிறும் அதுதான். தரையில் புல் பரப்பாவிட்டால் நீதிபதி நாற்காலியில் உட்காரமாட்டார். அவருக்குக் கால் சில்லிடும். சண்டையில் தோற்றவன் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு நின்றால், வென்றவன் கை ஓங்கக்கூடாது. தன் கையாலேயே அந்தப் புல்லை எடுத்துவிட வேண்டும், அதோடு பகை தீர்ந்தது. நிலம் கைமாறவும் பத்திரம் கிடையாது. நான்கு சாட்சிகள் முன்னால் அந்த நிலத்திலேயே புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி, பெறுகிறவனின் வலது உள்ளங்கையில் வைப்பார்கள். அவன் அதை ஏந்தியபடி எல்லை முழுக்க நடந்து, வெட்டிய குழியிலேயே திரும்பப் பதிக்க வேண்டும்.

கூரை வேய்பவன் முந்தின மாதம்தான் ஆற்றோரப் புல்வெளியை அப்படிப் பெற்றிருந்தான். பெற்றான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அப்பா சாகும்போது பிள்ளைகள் இருவருக்கும் பாதிப் பாதி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மெத்தை தைக்கும் அக்கா, படுத்த படுக்கையாகிவிட்ட புருஷனைக் கவனித்துக்கொண்டு அக்கரையில் இருந்தாள். "அக்கா எல்லாத்தையும் எனக்கே விட்டுக் குடுத்துட்டா மாமா" என்று தாய்மாமனிடம் கூசாமல் சொன்னான். மாமா நம்பி மண்கட்டியை வெட்டிக் கொடுத்தார். பாதி எல்லை நடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கட்டியை வாய்க்காலில் வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

ஆகவே புல் முளைத்த காரணம் ஊருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது: கட்டியைத் திரும்பப் பதிக்கவில்லை. அவனும் அதையே பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷம், விதவிதமாக மண்கட்டி வெட்டி அந்தக் குழியில் வைத்துப் பார்த்தான். ஒரு தடவை கட்டி பெரிசு, ஒரு தடவை குழி பெரிசு. நூல் பிடித்து அளந்தாலும் ஒரு விரற்கடை இடிக்கும். இதற்கிடையில் அரிவாள் கையில் வழுக்கியது. ஆடுகள் தெருத் தெருவாகப் பின்னால் வந்தன. ஏணியில் நின்றால் கீழேயிருந்து யாராவது, "அண்ணே, கையில இருக்கறதையும் சேத்து வேய்ஞ்சிருங்க!" என்பார்கள்.

புருஷனைப் புதைத்துவிட்டுத் திரும்பிய அக்கா, வேலி போட்ட புல்வெளியைப் பார்த்துவிட்டு, வேலியோரமாகவே நடந்து போய்விட்டாள். ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு, தெருவோரம் அறுக்கிற புல்லில் மாட்டுக்குப் பாதி, மெத்தைக்குப் பாதி என்று காலம் தள்ளினாள். தம்பி எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பாவம், புல் அறுத்து அறுத்து வெடித்த அவள் விரல்களை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

பத்தாவது வருஷம் மழை பொய்த்தது. மெத்தைகளைப் பிரித்து மாடுகளுக்குப் போட்டார்கள், பிறகு கூரைகளையும். ஊரில் பச்சையாக இருந்தது அந்த உள்ளங்கை ஒன்றுதான். நீதிபதியின் குதிரைக்காரன் வந்து கெஞ்சினான். பேச்சோடு பேச்சாக, மெத்தைக்காரம்மாவின் பசு இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னான். கூரை வேய்பவன் செருப்புக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டான்.

அக்காவின் தொழுவத்து வாசலில் போய் நின்றான். குனிந்து தன் உள்ளங்கையிலிருந்தே ஒரு பிடி புல்லைப் பல்லால் பிடுங்கி, கவ்விக்கொண்டு நின்றான். அக்கா பசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் வெயில் ஒரு முழம் நகர்ந்தது. அப்புறம் எழுந்து வந்து, அவன் வாயிலிருந்து அந்தப் புல்லை உருவிப் பசுவின் முன்னால் போட்டாள்.

"ஆத்தோரத்துலேர்ந்து இங்க வர்றதுக்கு ஒனக்கு ஒம்பது வருஷமாடா?"

"நீ குடுத்ததா மாமாகிட்ட பொய் சொன்னேன்க்கா."

"தெரியும். அழாம உக்காரு. மாட்டுக்குக் கையைக் காட்டு."

பசு மென்று விழுங்குவதற்குள் கை மறுபடி பச்சையாகிவிட்டது. மூன்றாம் நாள் பசு எழுந்து நின்றது.

மழை பெய்ததும் அதே நான்கு சாட்சிகளை அழைத்து, தான் சொன்ன பொய்யை உரக்கச் சொல்லிவிட்டு, அக்காவின் உள்ளங்கையில் மண்கட்டியை வைத்தான். முழுவதையும் எடுத்துக்கொள் என்றான். "என்னுது பாதிதான்" என்ற அவள், அவன் நடக்காமல் விட்ட பாதி எல்லையை மட்டும் நடந்துவந்து, கட்டியைப் பழைய குழியில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

கையிலிருந்த புல் மட்டும் போகவில்லை. போகும் என்று ஊர் ஒரு மாதம் எதிர்பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. அந்தக் கை முன்னால் நீளாவிட்டால் பசு பால் சுரக்காது என்பதால், அவன் தினமும் சாயங்காலம் தொழுவத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான், அக்கா கறந்தாள், ஒன்பது வருஷத்துப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. மழைக்காலத்தில் புல் அவன் விரல்களைத் தாண்டித் தொங்கும். மெத்தைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்காருவாள். "கையை ஆட்டாதடா" என்பாள்.