ஓட்டுச் சீட்டில் ஒரு மிதவை

டார்னசே தீவின் பெட்டி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மற்றப் பெட்டிகளையெல்லாம் கொட்டி, சீட்டுகளை விரித்து, போர்ட் கெல்லன் விளையாட்டரங்கத்தின் நீள மேஜைகளில் சரிபார்த்து முடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கடலில் மூடுபனி. பெட்டியை ஏற்றிய படகு அதற்குள் எங்கேயோ தட்டித் தடவி வந்துகொண்டிருந்தது. எஃபி ராத்ரேக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எஃபி இந்தக் கரையின் மருத்துவச்சி. கூடத்தில் சீட்டு எண்ண உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துவந்தவள் அவள்தான். அதில் ஒருத்தன்கூட நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிப்பேனா என்றான். எண்ணுகிறவர்கள் யார் பக்கமும் சாயக்கூடாதாம், சட்டம்.

அரசியலில் நிற்க வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. போன குளிர்காலத்தில் போர்ட் கெல்லன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடினார்கள். வலி எடுத்தால் இனிமேல் பெண்கள் கப்பலேறிப் பெருநகரத்துக்குப் போகவேண்டும். மூடிய மூன்றாம் வாரமே ஒரு பெண், கப்பலின் அடித்தளத்தில், மீன் லாரிக்கும் உரமூட்டைக்கும் நடுவில் பிள்ளை பெற்றாள். கூட இருந்தவள் எஃபி. டீசல் நாற்றத்தில் அந்தக் குழந்தையைத் தன் கோட்டில் சுற்றி எடுத்தவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. வார்டை மூடலாம் என்று எடின்பரோ பாராளுமன்றத்தில் கை தூக்கியவர்களில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் டோர்க்வில் மன்ரோவும் ஒருவர். அவரை எதிர்த்துச் சுயேச்சையாக மனுப்போட்டாள்.

களத்தில் நாலு பேர். எஃபி, டோர்க்வில் போக, ஒரு கட்சி தலைநகரத்திலிருந்து அனுப்பிவைத்த இளைஞன் ஒருவன். ஒவ்வொரு தீவுக்குப் போகும்போதும் படகில் வாந்தி எடுத்தே பிரசாரம் செய்தான். நாலாவது ஆள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஆர்ச்சி லெக்கி. வயலை மேய்கிற காட்டு வாத்துகளை ஒழிக்கவேண்டும் என்ற ஒரே கொள்கையோடு எல்லாத் தேர்தலிலும் நிற்பவர். வாத்துகள் பெருகிக்கொண்டே இருந்தன. அவருடைய ஓட்டு பெருகவில்லை.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, விரிகிற சீட்டுகளை எட்டி எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள் ரோனா பெத்யூன். கசாப்புக்கடைக்காரி, எஃபியின் தேர்தல் முகவர், நாக்கும் கத்தி மாதிரிதான்.

“எப்படிடீ இருக்கு?” என்றாள் எஃபி.

“மயிரிழைதான். டோர்க்வில் கொஞ்சம் முன்னால. ஆனா டார்னசே பெட்டி வரணுமில்ல, அது ஒன் ஊரு.”

“அவன் ஊரும் அதான்.”

“அவன் அங்க வாங்குன பேர நீ பிரசவம் பாத்தே வாங்கிட்டே. அது சரி, ஒன் புருஷன் எங்க?”

“வேன்ல. நாயோட. உள்ள வந்தா மூச்சு முட்டுதாம்.”

“அவன் ஓட்டாவது ஒனக்கு விழுந்துச்சா?”

“கேட்டேன். பெட்டிக்குத்தான் தெரியும்னான்.”

“அப்ப விழல,” என்று சொல்லிவிட்டு ரோனா அடுத்த கோடு போட்டாள்.

ரோனா விளையாட்டாகச் சொன்னாள். எஃபிக்கு அது சுருக்கென்று தைத்தது. காரணம் இருந்தது. அவள் புருஷன் லாக்கி ராத்ரே, கடலடியில் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடிக்கிறவர். பல வருடங்களுக்கு முன் கறுப்புப் பாறைக்கு அருகில் அவர் படகு கவிழ்ந்தபோது, சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்து அவரைத் தூக்கியவர் டோர்க்வில். அப்போது டோர்க்வில்லும் மீனவர்தான். மீன்பிடிச் சங்கத் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் மதுக்கடையில், தலைமுடி காயாமல், லாக்கி பெஞ்சுமேல் ஏறி நின்று சத்தியம் செய்தார். “டோர்க்வில், நீ எதுல நின்னாலும் சரி, உசிரு இருக்கிறவரைக்கும் என் ஓட்டு உனக்குத்தான்.” சங்கத்துக்கு நின்றவர் பாராளுமன்றம்வரை போவார் என்று லாக்கி கண்டாரா என்ன. ஆனால் லாக்கி வாக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அந்தக் குணத்துக்காகவே எஃபி அவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது அதே குணம்தான் அவளைப் பயமுறுத்தியது.

டோர்க்வில் அந்தப் பக்கம் வந்தார். நெடிய மனிதர், கோட்டுப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். ஒன்றை எஃபியிடம் நீட்டினார்.

“பல்லக் கடிக்காத எஃபி. அந்த மூலை வரைக்கும் சத்தம் கேக்குது.”

“வார்டை மூடுனப்ப நீயும் கொஞ்சம் பல்லக் கடிச்சிருக்கலாம்.”

“தப்புத்தான்னு ஊர் ஊரா சொல்லிட்டேன்.”

“சொன்னா ஆச்சா, திறக்க வேணாமா?” என்றவள், மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் கறுப்புப் பெட்டியை அணைத்துக்கொண்டு டார்னசே வாக்குச்சாவடி அலுவலர் உள்ளே வந்தார். கூடமே கைதட்டியது. வாத்து வாத்தியார் ஆர்ச்சிகூட எழுந்து நின்று தட்டினார்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் ஓட்டமாக ஓடியது. இளஊதா நிறச் சீட்டுகள் மற்றப் பெட்டிச் சீட்டுகளோடு கலந்தன, ஆள்வாரியாகப் பிரிந்தன, கட்டுகளாக எழும்பின. எஃபியின் வரிசை நீண்டது. டோர்க்வில்லின் வரிசையும் விடாமல் கூடவே நீண்டது. கூடத்தில் பேச்சு அடங்கி, ரப்பர் வளையம் மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரோனா கோடு போடுவதை நிறுத்திவிட்டு எஃபியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. டோர்க்வில்லின் முகவர் மறுபடி எண்ணச் சொன்னான். எண்ணினார்கள். மாறவில்லை.

தேர்தல் அதிகாரி கில்கிறிஸ்ட் வேட்பாளர்களையும் முகவர்களையும் தன் மேஜையைச் சுற்றி வரச்சொன்னார். பெருநகரத்திலிருந்து வந்தவர், இஸ்திரி போட்ட மாதிரி பேசுவார்.

“சந்தேகச் சீட்டுகள் தவிர மத்ததெல்லாம் எண்ணியாச்சு. மிஸஸ் ராத்ரே ஒரு ஓட்டு முன்னால இருக்காங்க.”

எஃபிக்குக் காது அடைத்தது. ஒரு ஓட்டு. சிரிக்கவும் பயமாக இருந்தது.

“இப்ப சந்தேகச் சீட்டுகளைப் பாப்போம். ஆட்சேபணை இருந்தா உடனே சொல்லிடுங்க.”

முதல் சீட்டில் எஃபியின் கட்டத்தில் ஒரு சிரிக்கிற முகம். செல்லும், எஃபிக்கு. அடுத்ததில் டோர்க்வில்லுக்கு நேரே பெருக்கல் குறி; பக்கத்தில் ‘இதுதான் கடைசித் தடவை’ என்று எழுதியிருந்தது. செல்லும், டோர்க்வில்லுக்கு. டோர்க்வில் தலையைச் சொறிந்தார். இன்னொன்றில் நாலு பேருக்கும் நேராக ‘வேண்டாம்’ என்று எழுதி, அடியில் ‘வாத்துகள் உங்களை என்ன செய்தன’ என்று ஒரு கேள்வி. செல்லாது. ஆர்ச்சி முகம் சிவந்தார். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகக் கடைசிச் சீட்டு வந்தபோது, கணக்கு ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. எஃபி ஒன்று முன்னால்.

கில்கிறிஸ்ட் கடைசிச் சீட்டை மேஜையில் வைத்தார். டோர்க்வில்லின் கட்டத்தில் பெருக்கல் குறி இல்லை. ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று கோடு, தலையில் ஒரு கொக்கி.

எஃபிக்கு ரத்தம் தலைக்கேறியது.

அந்தக் குறியை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கூண்டு போடுகிற ஒவ்வொருவருக்கும் மிதவையில் தீட்ட ஒரு குறி உண்டு. அலைமேல் ஆடுகிற மிதவையைப் பார்த்தே கீழே கிடக்கிற கூண்டு யாருடையது என்று டார்னசேயில் எவரும் சொல்லிவிடுவார்கள். இது லாக்கியின் குறி. கொட்டகைக் கதவில் இருக்கிறது, அவளுடைய பிறந்தநாள் வாழ்த்துகளில் கையெழுத்துக்குப் பதிலாக இருக்கிறது. கல்யாணப் பதிவேட்டிலேயே அதைப் போடப்போனவரைப் பாதிரியார்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பாவி மனுஷா, என்று மனசுக்குள் திட்டினாள். போட்டுவிட்டாயே. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

“பெருக்கல் குறி இல்லாட்டியும், போட்டவரோட எண்ணம் தெளிவா இருக்கு,” என்றார் கில்கிறிஸ்ட். “மிஸ்டர் மன்ரோவுக்குச் சேரும். அப்படின்னா ரெண்டு பேரும் சமம். குலுக்கல்தான் போடணும்.”

ஒரு சீட்டில் யார் போட்டது என்று தெரிகிற மாதிரி பெயரோ அடையாளமோ இருந்தால், அது செல்லாது. இந்த விதியை எஃபி தலைகீழாகச் சொல்வாள். தேர்தலுக்கு முந்தின வாரமெல்லாம் சமையலறை மேஜையில் லாக்கியை உட்காரவைத்து, விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தாள். வாயைத் திறந்தால் ஜெயித்துவிடலாம். திறந்தால், கட்டின புருஷனே இவளுக்குப் போடவில்லை என்று இந்தக் கரை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். திறக்காவிட்டால், பிரசவ வார்டு ஒரு குலுக்கல் டப்பாவுக்குள் போய்விடும்.

லாரிக்கும் உரமூட்டைக்கும் நடுவில் கிடந்த அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

“எனக்கு ஆட்சேபணை இருக்கு,” என்றாள் எஃபி. “அது யார் போட்டதுன்னு அதுலயே இருக்கு. மிதவைக் குறி.”

“யாரோடது?”

“என் வீட்டுக்காரரோடது.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வாந்தி இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். ரோனா, “அடக் கடவுளே, நான் சும்மா சொன்னேன்டீ,” என்று முனகினாள்.

கில்கிறிஸ்ட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “மன்னிக்கணும், மிஸஸ் ராத்ரே. நீங்க சொல்றதால ஜெயிக்கப்போறது நீங்கதான். அதை மட்டும் வச்சு நான் எப்படி முடிவு பண்றது? வேற யாராவது பாத்ததும் கண்டுபிடிச்சாத்தானே அது அடையாளம்?” பிறகு பக்கத்தில் திரும்பினார். “மிஸ்டர் மன்ரோ, நீங்களும் டார்னசேக்காரர். இந்தக் குறி உங்களுக்குத் தெரியுமா?”

டோர்க்வில்லின் முகவர் அவர் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தான். தெரியாது என்று ஒரு சொல் போதும். எஃபி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் ரோனாவின் கைவரை அதிர்ந்தது.

டோர்க்வில் சீட்டைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

“லாக்கியோட மிதவை,” என்றார். “அவங்கப்பாவுக்கும் இதான். மூடுபனியிலகூடச் சொல்லிடுவேன்.”

கில்கிறிஸ்ட் முத்திரையை எடுத்துச் சீட்டின்மேல் ஒரு குத்துக் குத்தினார். நிராகரிக்கப்பட்டது.

மேடையில் எஃபி என்ன பேசினாள் என்று பிற்பாடு அவளுக்கே ஞாபகம் இல்லை. வார்டைத் திறக்கும்வரை எடின்பரோவில் யாரையும் நிம்மதியாக உட்காரவிடமாட்டேன் என்று சொன்னதாகவும், கூரை அதிர்ந்ததாகவும் ரோனா சொல்கிறாள். எண்ணுகிற மேஜையிலிருந்து ஒரு பையன் நாற்காலிமேல் ஏறி நின்று விசில் அடித்தான். அவன் கால் முதலில் வரப் பிறந்தவன், அவனை அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. டோர்க்வில் கை குலுக்கும்போது காதருகில், “லாக்கிய அடிச்சுகிடிச்சு வைக்காத,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எஃபிக்கும் கலங்கியது.

பூங்கொத்தும் கையுமாக வந்தவர்களை விலக்கிவிட்டு அவள் நேரே வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். வேன் கதவைத் திறந்தாள். நாய் வாலாட்டியது. லாக்கி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சத்தம் கேட்டுது,” என்றார். “நீதானே?”

“நான்தான். ஒரே ஓட்டு.”

லாக்கியின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

“சிரிக்காத. ஒன் மிதவைய மேஜைமேல விரிச்சு வச்சாங்க. கட்டினவனே போடலன்னு என் வாயால சொல்லவச்சுட்டியே.”

“டோர்க்வில்லுக்கு என் ஓட்டுன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். போட்டுட்டேன்,” என்றார் லாக்கி. “அது செல்லணும்னு நான் சத்தியம் பண்ணலியே. பேரு தெரிஞ்சா செல்லாதுன்னு நீதானே ராத்திரியெல்லாம் ஒப்பிச்ச.”

எஃபி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் பாக்காம விட்டிருந்தா?”

“என் மிதவைய நீ பாக்காம விட்டுருவியா?” என்றார் அவர், அது ஒரு கேள்வியே இல்லை என்பதுபோல.

அவள் வேனில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீர் வழியும்வரை சிரித்தாள்.

“நான் சொன்னத அந்த ஆபீசர் நம்பல, லாக்கி. டோர்க்வில்லத்தான் கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லியிருந்தா குலுக்கல் போட்டிருப்பாங்க. அவன் உண்மையச் சொன்னான்.”

லாக்கியின் சிரிப்பு நின்றது. மூடுபனி கலைந்து துறைமுகம் தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தபடி நாயின் காதைச் சொறிந்துகொடுத்தார்.

“அப்ப மறுபடியும் அவனுக்குக் கடன்பட்டுட்டேன்,” என்றார் கடைசியில். “அடுத்த தேர்தல்லயும் அவனுக்குத்தான் போடணும்.”

“தாராளமா போடு,” என்றாள் எஃபி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. “மிதவைய மட்டும் மறந்துடாத.”