கம்பத்து மேல் ஒரு நீலப் பறவை

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். போன வாரம் தெருமுனையில் நின்ற என்னையே யாரோ என்று நினைத்து, ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "புதுக் குடை பிடிச்சிருந்தே, அடையாளம் தெரியல" என்றார். அந்தக் குடை அவரே வாங்கிக் கொடுத்து, இரண்டு கம்பி உடைந்துபோன குடை. மறுநாள் கேட் தூணில் வேனை உரசிவிட்டு, "இதை யாரு நடுவுல கொண்டுவந்து வெச்சது?" என்று தூணோடு சண்டை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜென்மம்.

கண் டாக்டர் என்று வாயெடுத்தாலே எரிந்து விழுவார். நாளைக் காலை லீவு முடிந்து பள்ளி திறக்கிறது. வேன் நிறையப் பிள்ளைகள். இன்றைக்கே தெரிந்துகொண்டாக வேண்டும் என்றுதான் கடலோரப் பறவைச் சரணாலயத்துக்குக் கிளப்பினேன்.

"காக்கா நம்ம மொட்டை மாடிக்கே வருதே, டிக்கெட் இல்லாம" என்றார். ஆனாலும் வந்தார். பஸ்ஸில்தான் போனோம்.

வெயில் சாயாத நேரம். கடல் உள்வாங்கி, கண்ணுக்கு எட்டியவரை சேறு பளபளத்தது. அலையாத்திச் செடிகளுக்கு நடுவே போன பலகைப் பாதையில் அவர் கைப்பிடியை விடாமல் நடந்தார். "வழுக்குது" என்றார். பலகை அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது.

பாதை முடிகிற இடத்தில், பறவைகளை ஒளிந்திருந்து பார்க்க ஒரு மரக்குடில். முன்பக்கம் கண் மட்டத்தில் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே பைனாகுலரோடு ஒரு இளம்பெண் மட்டும் இருந்தாள். எதிரே சேற்றில் ஒற்றைக் கம்பம் நட்டிருந்தது. அதன்மேல் ஒன்றுமே இல்லை.

"ஏங்க, கம்பத்து மேல நீலமா ஒரு பறவை, பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"ம்ம், பாத்தேன். நல்லா இருக்கு."

"வாலு என்ன கலரு?"

"அதுவும் நீலம்தான்."

பக்கத்திலிருந்த பெண் பதறிப்போய்ப் பைனாகுலரைத் திருப்பினாள். "எங்கக்கா? எனக்குத் தெரியலையே!"

"பறந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவரை வெளியே இழுத்து வந்தேன். எனக்கு வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"அங்க பறவையே இல்லங்க. சும்மா சொன்னேன்."

அவர் சிரித்தார். "இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீ இருக்குன்னு சொன்னா இருக்கு. நம்ம குடும்பம் இத்தனை வருஷமா அப்படித்தானே ஓடுது?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நியாயம்தானே? நான் காக்கையை வெள்ளை என்றாலும் ஆமாம் போடுகிற மனுஷனுக்கு இப்படியா பரீட்சை வைப்பது? நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்ப அந்தக் கம்பம் மொட்டையாத்தான் நின்னுச்சுன்னு உங்களுக்கும் தெரியும்?"

"எந்தக் கம்பம்?" என்றார்.

கேட்ட பிறகுதான் வாயை மூடினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேற்றுப் பக்கம் திரும்பி நின்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். முகத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்தும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஸ்கூல் நம்பரைப் போட்டுக் குடு. நாளைக்கு வேற டிரைவரைப் பாத்துக்கச் சொல்லி நானே பேசிடுறேன்."